கொஞ்சம் மெமரி தேவைப்படும்

நம்ம ஊரில் ஒருவர் ஒரு செயலிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, படுமட்டம். மற்றது, நம்பர் ஒன். "செம கேம், வூட்டுக்காரி சோறு போட்டுக் கூப்புட்டும் எந்திரிக்கல" என்று எழுதி, அதன் தலையில் ஒற்றை நட்சத்திரத்தைப் பெருமையாகக் குத்திவிட்டுப் போகிற ரசிகர்கள் ஏராளம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவனுக்குத்தான் பேனா பரிசு. அஞ்சாம் ரேங்க்காரனை யார் மதித்தார்கள்? இந்த நியாயத்தை முதலாளிக்கு மாதாமாதம் எடுத்துச் சொல்வது சௌடேஸ்வரியின் வேலைகளில் ஒன்று.

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளுடைய கம்பெனி இருந்தது. கம்பெனிக்கு ஒரே ஒரு மொபைல் விளையாட்டு. பெயர் 'கண்ணில்லாத வீடு'. ஆங்கிலத்தில் செய்து பல மொழிகளில் விட்டிருந்தார்கள். அதைத் தமிழில் மாற்றியவள் சௌடேஸ்வரி. தமிழில் வருகிற விமர்சனங்களுக்குப் பதில் எழுதுபவளும் அவளே. "தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் பல்லி உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று எழுதி எழுதி, வீட்டுச் சுவரில் பல்லியைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்திருந்தது.

விளையாட்டு இதுதான். நீங்கள் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறீர்கள். அந்த வீட்டுக்கு ஜன்னல் இல்லை. கூரையில் ஒரு கிணறு இருக்கிறது. தரையிலிருந்து தண்ணீர் மேல் நோக்கிச் சொட்டி அதில் விழுகிறது. அம்மிக்கல்லுக்குப் பல் முளைத்திருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருக்கும் பானைத்தலையன் உங்கள் வயதைக் கேட்கிறான். சரியான வயதைச் சொன்னால் கதவு திறக்காது. எல்லாமே புதிர். பாதிப் புதிரில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அப்போது சுவரில் மனித முகம் வைத்த ஒரு பல்லி வந்து 'ச்சு ச்சு' என்று கொட்டும். அதுதான் குறிப்புச் சொல்லும் பல்லி. குறிப்பு வேண்டுமானால் இரண்டு வழி. ஒரு வீட்டுமனை விளம்பரத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், "இந்தக் குறிப்புக்குக் கொஞ்சம் மெமரி தேவைப்படும், சரியா?" என்று கேட்கும், சரி என்று அழுத்த வேண்டும்.

யார் விளம்பரம் பார்ப்பார்கள்? பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடத்தில் மனை என்று ஒரு கோட்டுப் போட்ட ஆள் வந்து கத்துவார். சனங்கள் 'சரி'யை அழுத்தினார்கள். உடனே பல்லி மெதுவான குரலில், "உங்களுக்குப் பிடித்த ஒரு மழை நாளை நினைத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம், நினைத்தால் போதும்" என்னும். ஹெட்போனில் 'கும்' என்று ஓர் ஓசை வரும். குறிப்புக் கிடைத்துவிடும். ஹெட்போன் இல்லாமல் விளையாட்டுத் திறக்கவே திறக்காது.

விமர்சனங்கள் குவிந்தன. "பேய்ப் படம் பாத்த மாதிரி இருக்கு, ஆனா பேய் இல்ல, அதனால ஒரு ஸ்டார் கம்மி." "பானைத்தலையன் எங்க மேனேஜர் மாதிரியே இருக்கான், அவனை அடிக்க ஆப்ஷன் வைங்க." "நாலு எம்பிகூட எடுக்கல, அப்புறம் எதுக்கு மெமரி கேக்குது? லைட் வெயிட் கேம்னு நம்பி இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன்." "மழை நாள் நினைச்சுக்கச் சொல்றது ரொம்பக் கவிதையா இருக்கு. டெவலப்பர் காதல் தோல்விபோல." எல்லாருக்கும் சௌடேஸ்வரி நன்றி சொன்னாள், பல்லியின் சார்பாக.

அவளுடைய கணவன் பரிதி பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன். அவனும் விளையாடினான். பெண்டாட்டி தமிழாக்கிய விளையாட்டாயிற்றே என்று ஆரம்பித்தவன், பிறகு பஸ்ஸில், சாப்பாட்டு வேளையில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்று அதிலேயே குடியிருக்கலானான். அவள் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு இதுதானே கதை.

ஒரு நாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க, உங்களுக்குக் காபிங்களா, டீங்களா?"

சௌடேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "என்னடா, காலங்காத்தாலயே காலேஜ் மாப்ள பெஞ்சு நாடகமா?"

அவன் சிரித்தான். பேங்கில் டோக்கன் கொடுப்பவரைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "இல்லீங்க, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தனுங்க. நம்ம கல்யாணத்த யாருங்க பேசி முடிச்சாங்க? எங்க சைடா, உங்க சைடா?"

அவள் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவன் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

அந்தக் கல்யாணத்தை யாரும் பேசி முடிக்கவில்லை. பேசித்தான் கெடுத்தார்கள். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பஸ். முதல் வாரத்திலேயே அவளைச் 'சௌடி' என்று சுருக்கியவன் அவன்; அதோடு 'வாடி, போடி' சேர்த்தவனும் அவனே. கல்யாணத்துக்குப் பிறகு யாராவது பெரியவர்கள், "பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்புட்டாத்தான் மருவாதி" என்று புத்தி சொன்னால், "எங்களுக்குள்ள மருவாதி எல்லாம் கெடையாதுங்க, சினேகிதம்தான்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவான். அவளுடைய அப்பா ராமலிங்கம் சிறுமுகையில் பட்டுப்புடவை வியாபாரி. வீட்டுக்குள் கன்னடமும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசுகிற குடும்பம். பரிதி உடுமலைக்காரன். பெண் கேட்டு வந்தவனிடம் ராமலிங்கம், "எந்தத் தெருவுங்க?" என்று விசாரித்தார். அவன் சொன்னான். தெருவின் பெயரைக் கேட்டதும் அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அத்தோடு சரி. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் ஆன பிறகு மகளிடம் அவர் பேசவே இல்லை. பரிதிக்கு அப்பா அம்மா இருவரும் இல்லை. ஆகமொத்தம், நடந்ததற்குச் சாட்சியாக சௌடேஸ்வரிக்கு இருந்தது பரிதி ஒருவன்தான். வீடு, அப்பா, ஊர், பாஷை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது எதற்காக என்று தெரிந்த ஒரே ஆள். அந்த ஆள்தான் இப்போது காபியா டீயா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆபீசுக்குப் போய் விமர்சனங்களை மறுபடி திறந்தாள். அதே விமர்சனங்கள்தான், ஆனால் இந்தத் தடவை பல்லியை மறந்துவிட்டுப் படித்தாள். காங்கேயத்திலிருந்து ஒருவர் வாராவாரம் எழுதியிருந்தார்: "இன்னைக்குத்தான் டவுன்லோடு பண்ணேன். மொதல் லெவலே மெரட்டல்." எழுத்து மாறாமல் அதே வரி. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிற ஆள் என்று நினைத்து அவள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியிருந்தாள். இன்னொருவர்: "கிராபிக்ஸ் சூப்பர். சவுண்டு சூப்பர். என்ற மச்சினன் பேரு யாருக்காச்சும் தெரிஞ்சா கீழ சொல்லுங்க. நாலு ஸ்டார்." ஒரு பெண்மணி: "புதிர் எல்லாம் அருமை. என் கையில ஒரு பெரிய தழும்பு இருக்கு, எப்ப வந்துச்சுன்னு தெரியல. கேமுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொன்னேன். விளம்பரத்த மட்டும் கொறைங்க." இதற்குச் சௌடேஸ்வரி தானே எழுதியிருந்த பதிலும் கீழே இருந்தது. விளம்பரங்களைக் குறைக்க ஆவன செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, முதலில் தன்மேல்.

முதலாளி விஷ்ணுகாந்த் வெளிநாட்டில் மூளையைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவன். சௌடேஸ்வரி என்கிற பெயர் அவன் வாயில் நுழையாது, 'ஈஸ்' என்பான். அவன் அறைக்குள் போய் நின்று நேரடியாகவே கேட்டாள்.

"விஷ்ணு, அந்த மெமரி எந்த மெமரி?"

அவன் நாற்காலியைத் திருப்பினான். பிடிபட்டவன் முகமாக அது இல்லை. "பரவால்லயே ஈஸ். போன வருஷமே யாராவது கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"என்ன பண்றீங்க சனங்களை?"

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு விஷயத்தை நாம நினைச்சுப் பாக்கறப்போ, அது மூளைல கொஞ்ச நேரம் ஈர சிமெண்ட் மாதிரி இளகிடும். அப்புறம் தானா மறுபடி இறுகிடும். இளகின நேரம் பாத்து ஹெட்போன்ல ஒரு ஓசை விடறோம். இறுகாது. அவ்வளவுதான். வலி கிடையாது, ரத்தம் கிடையாது."

"எதுக்குங்க இந்த வேலை?"

"மொத்தம் எத்தனை லெவல்னு சொல்லு பாப்போம்."

"ஆயிரம்னு போட்டிருக்கோம். தமிழாக்க எனக்குக் கொஞ்சந்தான் வந்துச்சு, மிச்சம் அப்புறம் வரும்னீங்க."

"பன்னெண்டு," என்றான் விஷ்ணுகாந்த். "பன்னெண்டு லெவல் பண்ணவே எங்களுக்கு ரெண்டு வருஷம். இந்த சனம் அதை ஒரு வாரத்துல முடிச்சிட்டு அடுத்தது எங்கன்னு கேக்கும். அதனால முடிச்ச லெவலை மறக்க வச்சோம். மறந்தா மறுபடியும் புதுசுதானே? ரிவ்யூ பாரு, 'ஒவ்வொரு நாளும் புதுசா இருக்கு'ன்னு எழுதறாங்க. பொய்யா?"

"என் வூட்டுக்காரர் எங்க கல்யாணத்தையே மறந்துட்டாரு."

"அது ஓரத்துல சிந்தறது. லெவலை மட்டும் தொட முடியலை. மழை, வீடு, மொதல் சந்திப்புன்னு எதையாவது நினைக்க வச்சாத்தான் மூளை நல்லா இளகுது. பக்கத்துல இருக்கறதும் கொஞ்சம் சேந்து போயிடுது."

"சம்மதம் வாங்க வேண்டாமா?"

விஷ்ணுகாந்த் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். "வாங்கியிருக்கோமே. நீதானே எழுதின."

அவள்தான் எழுதினாள். ஆங்கிலத்தில் இருந்த வாக்கியத்தைப் பார்த்து, இது ஃபோன் மெமரியா என்று கேட்டதும் அவளேதான். "மெமரின்னா மெமரிதான், அப்படியே போடு" என்று அவன் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நம்ம ஊரில் மெமரி என்றால் ஃபோனில் இருப்பது; கல்யாண வீடியோவும் குட் மார்னிங் படங்களும் நிரம்பி வழிந்தால், எதையாவது அழிக்கச் சொல்லித் தொல்லை பண்ணுவது. மண்டைக்குள் இருப்பதற்கு ஞாபகம் என்று வேறு பெயர் இருக்கிறது. மற்ற மொழிக்காரர்களில் சிலராவது வாக்கியத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஒருத்தர்கூடத் திடுக்கிடவில்லை. ஃபோனில் நிறைய இடம் இருக்கிறது, எடுத்துக்கோ என்று தாராளமாக அழுத்தினார்கள். கம்பெனி வக்கீல் அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, இதைவிடப் பத்திரமான வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொன்னாராம்.

"திருப்பிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எதை? நாங்க எதையும் சேத்து வைக்கலையே. கலைஞ்ச கோலத்தை யார் எடுத்து வைப்பா?"

அவள் அன்றைக்கே தன் சொந்தப் பெயரில் ஒரு விமர்சனம் எழுதினாள். "இந்த விளையாட்டு கேட்பது ஃபோன் மெமரி அல்ல. உங்கள் ஞாபகம். என் கணவர் எங்கள் காதலை மறந்துவிட்டார். இதில் இருப்பது பன்னிரண்டே லெவல். இதற்கு முன்னால் நீங்கள் முடித்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து அழித்துவிடுங்கள்." மேலே ஒற்றை நட்சத்திரம்.

அந்த ஒற்றை நட்சத்திரம் ஒரு பெரிய மந்தைக்குள் போய்க் கலந்தது. அதற்கு மேலே, "நம்பர் ஒன் கேம்" என்று ஒற்றை நட்சத்திரம். கீழே, "தலைவன் கேம், என் ஓட்டு இதுக்கே" என்று ஒற்றை நட்சத்திரம். நடுவில் இவள். அடுத்த திங்கட்கிழமை காலையில் பதில் எழுத வேண்டிய விமர்சனங்களின் வரிசையில் முதலாவதாக அவளுடையதே வந்து நின்றது. தங்கள் கருத்துக்கு நன்றி சௌடேஸ்வரி என்று அவளே அவளுக்கு எழுதவேண்டிய நிலைமை. எழுதாமல் எழுந்து போய், வேலையை விடுவதாகச் சொன்னாள்.

"எதுக்கு விடறே? உனக்கு சம்பளம் ஏத்தலாம்னு இருக்கேன்," என்றான் விஷ்ணுகாந்த். நிஜமாகவே சொன்னான். "உன் ரிவ்யூ போட்டதுலேர்ந்து டவுன்லோடு எகிறிப் போச்சு. நாங்க விளம்பரம் குடுத்தாக்கூட இப்படி வந்திருக்காது."

அவன் காட்டிய திரையில் சனங்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நிஜமாவே மறக்குமா? மாமியாரை மறக்க எந்த லெவல்?" "பிளஸ் டூ மார்க்கை மறந்துட்டேன். ஆனா பெரியப்பா ஞாபகப்படுத்திட்டார். அவருக்கும் ஏத்தி விட்டிருக்கேன்." "என்னை ஏமாத்தினவளைச் சுத்தமா மறந்துட்டேன். நேத்து கல்யாண வீட்ல ஒரு பொண்ணைப் பாத்தேன், பாத்ததும் புடிச்சுப் போச்சு. என் ஃப்ரெண்டு தலைல அடிச்சுக்கறான், ஏன்னு தெரியல. மூணு ஸ்டார்." "போன எலெக்சன்ல யாருக்குப் போட்டேன்னு மறந்துட்டேன். அதுக்கெல்லாம் கேம் எதுக்குன்னு கேக்காதீங்க." அவளை நேரடியாகத் திட்டியும் சிலர் எழுதியிருந்தார்கள். புருசன் மறந்துட்டான்னா வேற காரணம் இருக்கும், கேம் மேல பழி போடாதே என்று ஒரு புண்ணியவான். இன்னொருவர் சுருக்கமாக, "ஸ்பாய்லர். பன்னெண்டு லெவல்னு சொல்லிக் கெடுத்துட்டீங்க."

தூ என்று இருந்தது அவளுக்கு. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பரிதியின் ஃபோனிலிருந்து விளையாட்டை அழித்தாள். அவள் அழித்ததை மறந்து அவன் திரும்ப ஏற்றிக்கொண்டான். ஹெட்போனை ஒளித்துவைத்தாள், பாவம், எங்கேயோ தொலைத்துவிட்டோம்போல என்று வேறு வாங்கிவந்தான். கடைசியில் அவன் ஃபோனை ஜீன்ஸோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுப் பட்டனைத் தட்டிவிட்டாள். "பரவால்லீங்க, தெரியாமத்தானே போட்டீங்க" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னான். பழைய பரிதியாக இருந்திருந்தால் வீட்டையே ரெண்டாக்கியிருப்பான். அவன் ஒரு தடவையாவது தன்னைக் கேவலமாகத் திட்டமாட்டானா என்று அவள் ஏங்கினாள். சாதாரண ஃபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதில் பேசலாம், அவ்வளவுதான்.

நடந்ததை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. தானாக ஞாபகம் வரட்டும் என்று காத்திருந்தாள். சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொண்டால் அது பாடம், ஞாபகம் ஆகாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். கல்லூரி கேண்டீனுக்குக் கூட்டிப்போனாள். "கட்டடம் நல்லா இருக்குங்க" என்றான். பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவைத்தாள். எந்த பஸ்ஸுக்கு நிற்கிறோம் என்று கேட்டான். "டேய் பரிதி" என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பெரியவங்க இருக்கற எடத்துல அப்படிக் கூப்புடாதீங்க, உங்களைத்தான் தப்பா நெனைப்பாங்க" என்று பக்குவமாகச் சொன்னான்.

ஒரு சாயங்காலம் அவன் கேட்டான். "ஏனுங்க, உங்க போன்ல உங்கப்பா நம்பரை 'அப்பா, கூப்புடாதே'ன்னு போட்டு வெச்சிருக்கீங்களே, ஏதாச்சும் மனத்தாபங்களா?"

"ஏன்?"

"இல்லீங்க, மாமனாரு மாமியாரு இருக்கறப்ப போக்குவரத்து இல்லாம இருக்கறது நல்லா இல்லைன்னு, நான் கூப்புட்டுப் பேசிட்டனுங்க."

அந்தச் சம்பாஷணை எப்படி நடந்தது என்பதைப் பிறகு அவளுடைய அம்மா போனில் சொன்னாள். போனை எடுத்த ராமலிங்கத்திடம் ஒரு குரல், "மாமா, நல்லா இருக்கீங்களா? நான் பரிதி பேசறனுங்க. நாங்க வந்து பாக்காம இருந்தது தப்புத்தானுங்க, பெரிய மனசு பண்ணி மன்னிக்கோணும்" என்றது. இத்தனை வருஷமாக இவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த மனுஷன். கேட்டே விட்டான். எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டான் என்பது அவருக்குத் தெரியாது. மகன் வழிப் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகவும் இருவரும் அவசியம் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

காதுகுத்துக்குச் சிறுமுகை மண்டபத்தில் சனம் நிறைய இருந்தது. சௌடேஸ்வரியைப் பார்த்ததும் அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சோபாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "வாங்க மாப்ள, உக்காருங்க. மொதல்ல காபி சாப்புடுங்க." அவரே டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். சௌடேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். சந்தோஷப்படவும் முடியவில்லை, சண்டை போடவும் முடியவில்லை.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மாப்பிள்ளையை விசாரித்தார்கள். விசாரணை எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பரிதி விழித்தான்.

"மாப்ள சேலத்துப் பக்கமுங்க," என்றார் ராமலிங்கம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "நம்ம சனந்தான். சின்ன வயசுலயே அப்பா அம்மா தவறிட்டாங்க, விடுதியில தங்கிப் படிச்சவரு. அதுல நம்ம பாஷை மறந்துபோச்சு. சோசியர் பாத்து, பத்துப் பொருத்தமும் சரியா இருந்துச்சுங்க. நாந்தான் முன்ன நின்னு முடிச்சேன். அப்பக் கொஞ்சம் கைநெருக்கடி, அதான் ஊரைக் கூட்ட முடியல."

பெரியவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த சித்தப்பாவும் தலையாட்டினார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்து கல்லெறிந்தவர் இந்தச் சித்தப்பாதான். "ஆமாமா, பொருத்தம் பாக்கறப்ப நானும் கூட இருந்தேன்" என்றார். அத்தை ஒருத்தி, நிச்சயத்துக்குத் தான் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னாள். அங்கே இருந்த ஒருவர் ஃபோனிலும் அந்த விளையாட்டு இல்லை. பல்லி வந்து கேட்கவே இல்லை. அவரவர் தாமாகவே கொடுத்துவிட்டார்கள்.

பரிதி சௌடேஸ்வரியின் பக்கம் குனிந்தான். "நான் சேலங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். "எனக்கு உடுமலைன்னு ஏதோ மனசுல இருக்கு. மறந்திருப்பனுங்க. இப்பெல்லாம் எனக்கு நெறைய மறக்குது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் எழுந்து கைகழுவப் போனாள்.

திரும்பி வருகிற வழியில், காரமடையில் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வெயில் நன்றாக இருந்தது. இரண்டு டீ, இரண்டு முட்டை பப்ஸ். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். இனிமேலும் சும்மா இருந்தால் இவனுக்கு ஜாதகம்கூட எழுதிவிடுவார்கள் என்று பயம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸில் அவள் பையை அவன் மடியில் வைத்ததை, அவன் அதற்குள் இருந்த தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்ததை, சௌடி என்று சுருக்கியதை, உடுமலையில் அவன் வீடு இருந்த தெருவை, அந்தத் தெருவின் பெயரை, அப்பா கீழே வைத்த டம்ளரை, சித்தப்பா எறிந்த கல் அவன் புருவத்தில் பட்டதை. "தொட்டுப் பாரு, இருக்கும்" என்றாள். அவன் தொட்டுப் பார்த்தான், இருந்தது. நடுவில் அழுதாள். பப்ஸ் கொண்டுவந்த ஆள் அதை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பரிதி ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டான். கவனமாக, முழு மரியாதையோடு கேட்டான். அவள் முடித்ததும் டீயை ஒரு வாய் குடித்தான்.

"நல்லாத்தான் இருக்குங்க," என்றான். "ஆரம்பம் அருமை. அந்தத் தயிர்சாதம் ரொம்பப் புடிச்சுது. நடுவுலதான் நம்பற மாதிரி இல்லீங்க."

"எது?"

"ஒரு தெருப் பேரைக் கேட்டுட்டு, ஒரு மனுசன் பெத்த பொண்ணோட இத்தனை வருசம் பேசாம இருப்பாருங்களா? சித்தப்பா கல்லெறிவாருங்களா? காலையில எனக்கு எலை போட்டுப் பரிமாறுனதே அவருதானுங்களே. இந்தத் தழும்பு எங்காச்சும் விழுந்ததா இருக்குமுங்க. யோசிச்சுப் பாத்தா மாமா சொன்னதுதான் கோர்வையா இருக்குது."

அவள் முகம் போன போக்கைக் கண்டு அவன் பதறிவிட்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு நல்ல மனிதனின் அக்கறையோடு சொன்னான்:

"உங்க மனசு வருத்தப்படும்னா நான் இதையே நம்பிக்கறனுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."